காம்போனென்ட் ஸ்டேட்டையும் யுஆர்எல்லையும் முரண்படாமல் வைத்திருப்பது எப்படி

ஒரு பட்டியலை வடிகட்டி, மூன்றாம் பக்கம் வரை சென்ற பயனர், முகவரியை நகலெடுத்து நண்பருக்கு அனுப்புகிறார். நண்பர் திறந்தால் வடிகட்டாத முதல் பக்கமே வருகிறது. ரியாக்ட் (வலைப்பக்க இடைமுகங்களை அமைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பயன்படுத்தும் பலரும் இதைத் தீர்க்க, காம்போனென்ட் (திரையின் ஒரு பகுதியை உருவாக்கும் அலகு) தன் நிலையை, அதாவது ஸ்டேட்டை, நினைவில் வைக்க உதவும் யூஸ்ஸ்டேட்டில் ஒரு பிரதியும் யுஆர்எல்லில் (முகவரியில்) ஒரு பிரதியும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை நிரப்ப இரண்டு யூஸ்எஃபெக்ட்களை (திரை வரையப்பட்டபின் ஓடும் நிரல்பகுதிகள்) எழுதுகிறார்கள். பயனர் ‘பின்செல்’ பொத்தானை அழுத்தும்போது, முதல் எஃபெக்ட் புதிய முகவரியை ஸ்டேட்டுக்குள் கொண்டுவருவதற்குள், இரண்டாவது எஃபெக்ட் கையிலிருக்கும் பழைய ஸ்டேட்டை மீண்டும் முகவரியில் எழுதிவிடக்கூடும். பொத்தான் வேலை செய்யாததுபோல் தோன்றும்.

இரண்டாவது பிரதியே வேண்டாம் என்பதுதான் என் உறுதியான பரிந்துரை. யுஆர்எல்லில் இருக்கவேண்டிய மதிப்பை ஒவ்வொரு ரெண்டரின்போதும் (காம்போனென்ட் திரைக்காகக் கணக்கிடப்படும்போதும்) அங்கிருந்தே படியுங்கள். மாற்றவேண்டுமானால் அங்கேயே எழுதுங்கள். முகவரிக்கேற்பப் பக்கங்களைக் காட்டும் ரியாக்ட் ரவுட்டர் நூலகத்தின் யூஸ்சர்ச்பாராம்ஸ் இவ்விரண்டையும் செய்கிறது. ரவுட்டர் இல்லாமல் நீங்களே எழுதுவதானால், புஷ்ஸ்டேட்டை (உலாவி வரலாற்றில் புதிய முகவரியைச் சேர்க்கும் கட்டளை) அழைப்பதால் பாப்ஸ்டேட் நிகழ்வு (வரலாற்றில் நகர்ந்ததை உலாவி அறிவிப்பது) எழாது என்பதை மறக்கவேண்டாம்: முன்செல், பின்செல் நகர்வுகளுக்கு அந்த நிகழ்வைக் கவனிக்கவேண்டும்; நீங்கள் செய்யும் மாற்றத்தைக் காம்போனென்ட்களுக்கு நீங்களே அறிவிக்கவேண்டும்.

யுஆர்எல்லிலிருந்து வருவதெல்லாம் சரங்களே (எழுத்துத் தொடர்களே). பக்க எண் இல்லாதபோது கிடைக்கும் null (மதிப்பு இல்லை என்பதன் குறி) என்பதை, எண்ணாக மாற்றும் நம்பர் சார்பில் கொடுத்தால் 0 வரும். வெற்றுச் சரத்துக்கும் 0 தான். எழுத்துகளைக் கொடுத்தால் NaN (எண் அல்லாத மதிப்பு) வரும். ஆகவே படிப்பதற்கென்று ஒரே ஒரு சார்பை வைத்து, மதிப்பைச் சரிபார்த்து, தவறானால் இயல்பு மதிப்பைத் திருப்புங்கள். எழுதும்போது இயல்பு மதிப்புகளை முகவரியிலிருந்து நீக்கிவிட்டால், ஒரே காட்சிக்கு இரண்டு முகவரிகள் உருவாகா. முகவரியில் ஏற்கெனவே இருக்கும் அளவுருக்களின் (பெயர்-மதிப்பு இணைகளின்) நகலிலிருந்து தொடங்கினால் மற்றவை அழியா. வடிகட்டி மாறும்போது பக்க எண்ணையும் அதே அழைப்பில் நீக்குங்கள். ரியாக்ட் ரவுட்டரில் ஒரே நிகழ்வுக்குள் இருமுறை தனித்தனியாக எழுதினால், பின்னது முன்னதை அழித்துவிடும். சரங்களை ஒட்டி முகவரியை உருவாக்காமல் உலாவியிலேயே உள்ள யுஆர்எல்சர்ச்பாராம்ஸிடம் விட்டுவிடுங்கள். ‘நூல்’ என்ற சிறு சொல்கூட யுடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக்கும் முறை) வழியே குறியேற்றப்பட்டு முகவரியில் 36 குறிகளாக விரியும். அதைக் கையால் சரியாகச் செய்ய முயல்வது வீண்.

தேடல் பெட்டி மட்டும் விதிவிலக்கு. தட்டச்சாகும் ஒவ்வோர் எழுத்தையும் வரலாற்றில் சேர்த்தால், திரும்பி வருவதற்குப் பயனர் பத்துமுறை பின்செல்லவேண்டியிருக்கும். மிக அடிக்கடி எழுதினால் சஃபாரி பிழையே எறியும். எனவே தட்டச்சாவதை உள்ளூர் ஸ்டேட்டில் வரைவாக வைத்து, கை ஓய்ந்து சுமார் 300 மில்லிவினாடி கழித்து ரீப்ளேஸ்ஸ்டேட் (வரலாற்றில் புதிதாகச் சேர்க்காமல் இப்போதைய முகவரியை மாற்றும் கட்டளை) வழியே எழுதுங்கள். நீங்கள் கடைசியாக எழுதியதிலிருந்து யுஆர்எல் மதிப்பு வேறுபட்டால், அது வெளியிலிருந்து வந்த மாற்றம். முகவரியில் எழுதக் காத்திருப்பதை ரத்துசெய்து, பெட்டியைப் புதிய மதிப்பால் நிரப்புங்கள். பக்கம் மாறுதல், தாவல் மாறுதல் போன்ற தெளிவான நகர்வுகளுக்குப் புஷ்ஸ்டேட்டே பொருத்தம்.

திறந்திருக்கும் மெனு போன்ற கணநேர நிலைகளை முகவரியில் வைக்கத் தேவையில்லை. கடவுச்சொல், டோக்கன் (உள்நுழைவை உறுதிசெய்யும் ரகசியக் குறி) ஆகியவற்றை ஒருபோதும் வைக்கக்கூடாது. வரலாற்றிலும் சர்வர் பதிவுகளிலும் அவை தங்கிவிடும்.

முடித்ததும் பக்கத்தை மறுஏற்றம் செய்யுங்கள், முகவரியைப் புதிய தாவலில் ஒட்டுங்கள், பின்னும் முன்னும் சென்று பாருங்கள், பக்க எண் இருக்குமிடத்தில் பொருளற்ற எழுத்துகளைத் தட்டிப் பாருங்கள். முதல் மூன்றிலும் திரையில் தெரிவதும் முகவரி சொல்வதும் ஒன்றாக இருக்கவேண்டும்; கடைசிச் சோதனையில் மட்டும் இயல்பு மதிப்பு தெரியவேண்டும்.