டிவிடி ஓடவில்லையா? சட்டை நுனியில் துடைப்பதற்கு முன்

பழைய டிவிடி ஒன்றைத் தேடி எடுத்துக் கணினியில் போடுகிறோம். டிரைவ் உர்ரென்று சுற்றுகிறது, விளக்கு மினுக்குகிறது, அப்புறம் ஒன்றுமே நடப்பதில்லை. உடனே டிஸ்க்கை வெளியே எடுத்து, வாயால் ஊதி, சட்டை நுனியால் வட்ட வட்டமாகத் தேய்த்து மறுபடி போடுவோம். அதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். கோளாறு டிஸ்க்கிலா, டிரைவிலா, மென்பொருளிலா என்று தெரியாமல் தேய்த்தால் நல்ல டிஸ்க்கிலும் கீறல் விழும்.

முதலில் கோப்பு மேலாளரைத் திறந்து டிரைவின் ஐகான் இருக்கிறதா, அதைத் திறந்தால் உள்ளே என்ன தெரிகிறது என்று பாருங்கள். சினிமா டிவிடி என்றால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரும், அதற்குள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மேல் போகாத விஓபி கோப்புகளும் (படம் இருப்பது இவற்றில்தான்) இருக்கும். அவை தெரிந்துவிட்டால் டிரைவ் டிஸ்க்கைப் படிக்கிறது என்று அர்த்தம், அதனால் அடுத்த சந்தேகம் மென்பொருள் மேல்தான் விழ வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் டிவிடி தானாக ஓடியது. விண்டோஸ் 8 வந்தபோது அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், 10லும் 11லும் அது திரும்பி வரவில்லை. டிவிடி படங்கள் எம்பெக்-2 முறையில் பதியப்பட்டவை, அதைப் பிரித்துக் காட்டும் டிகோடருக்கு அப்போது உரிமக் கட்டணம் இருந்தது, டிரைவே இல்லாத கணினிகளுக்கும் சேர்த்து அதை ஏன் கட்டுவது என்பதுதான் கணக்கு. ஆகவே டிஸ்க்கும் நல்லது, டிரைவும் நல்லது, ஓட்ட ஆள்தான் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போட்டு, மீடியா மெனுவில் 'ஓபன் டிஸ்க்' சென்று, டிவிடி என்பதையும் சரியான டிரைவையும் தேர்ந்தெடுங்கள். மெனு பக்கத்திலேயே படம் உறைந்து நின்றால் அதே இடத்தில் 'நோ டிஸ்க் மெனுஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் நேராகப் படத்துக்குப் போய்விடும். லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு படி உண்டு: கடையில் வாங்கிய டிவிடிகள் பெரும்பாலும் பூட்டுப் போட்டவை, அதைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்ற நூலகத்தைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

ஐகானே தெரியவில்லையா? அப்படியானால் டிரைவ் பக்கம் வாருங்கள். விண்டோஸில் கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அந்த டிரைவை 'அன்இன்ஸ்டால்' கொடுத்துக் கணினியை மறுபடி தொடங்குங்கள், விண்டோஸ் தானே திரும்பக் கண்டுபிடித்துக்கொள்ளும். யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் என்றால் நேராகக் கணினியின் போர்ட்டில் செருகுங்கள், ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்பில் வேண்டாம். டிஸ்க்கைச் சுழற்றத் தொடங்கும்போது அது இழுக்கும் மின்சாரத்தை ஹப்பால் தர முடியாமல் போகலாம். நான் ஒருமுறை டிரைவ் செத்துவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதே வாங்கிவிட்டேன், அதுவும் ஓடவில்லை. ஹப்பைக் கழற்றியதும் இரண்டுமே ஓடின!

சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்பார்கள். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, புளூ-ரேக்கு 405. ஒன்று தேய்ந்துபோனாலும் மற்றது வேலை செய்யும், அதனால் சிடி ஓடுவதை வைத்து டிரைவ் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. டிவிடி டிரைவில் புளூ-ரே போட்டு உட்கார்ந்திருந்தால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது என்பதும் இதனால்தான்.

ரீஜன் கோட், அதாவது டிஸ்க் எந்த நாடுகளில் ஓடலாம் என்று குறிக்கும் எண், அந்த விஷயத்தில் மட்டும் நிதானம் தேவை. வேறு நாட்டில் வாங்கிய டிஸ்க்கைப் போட்டால் ரீஜனை மாற்றவா என்று கணினி கேட்கும். டிரைவ் அதை 5 முறைதான் அனுமதிக்கும், அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும், விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் மாறாது. கடைசியாக வைத்த ரீஜனோடு டிரைவ் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். எனவே 'சரி' என்று அழுத்துவதற்கு முன் விஎல்சியில் போட்டுப் பாருங்கள், சில டிரைவ்களில் ரீஜனை மாற்றாமலே ஓடிவிடும்.

இனி டிஸ்க். படம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திக்கினால் கீறல் அல்லது கறை. இடம் மாறி மாறித் திக்கினால் டிரைவையோ கணினியையோ சந்தேகப்படுங்கள். படத்தின் நடுவில் ஒரே ஒருமுறை அரை நொடி நின்று நகர்ந்தால் பயப்பட வேண்டாம், 8.5 ஜிபி டிஸ்க்கில் லேசர் முதல் அடுக்கிலிருந்து இரண்டாவது அடுக்குக்குத் தாவும் நேரம் அது. துடைப்பதென்றால் மென்மையான துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில். தடங்கள் வட்டமாக ஓடுகின்றன, குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவ் தானே செய்யும் பிழைதிருத்தம் சமாளித்துவிடும், தடத்தோடு சேர்ந்தே ஓடும் கீறலை அதனால் முடியாது. விசிடி, சிடியில் கீழ்ப்பக்கத்தைவிட மேலே லேபிள் பக்கம்தான் ஆபத்து, ஏனென்றால் தகவல் அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. டிவிடியில் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை.

சத்தம் வரவில்லை என்றால் விஎல்சியில் பி விசையை அழுத்தி வேறு ஆடியோ டிராக்குக்கு மாறிப் பாருங்கள். ஆட்கள் நகரும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிந்தால் டி விசை. சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக இருந்தால் அமைப்புகளில் ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டு விசேஷத்தை ரெக்கார்டரில் பதிந்த டிஸ்க். கணினியில் போட்டால் காலி டிஸ்க் என்று காட்டும், அதே ரெக்கார்டரில் மட்டும் அழகாக ஓடும். பதிந்து முடித்ததும் ஃபைனலைஸ் செய்ய, அதாவது மற்ற கருவிகளும் படிக்கும்படி டிஸ்க்கை முடித்துவைக்க, மறந்திருப்பார்கள். காலி என்று சொல்கிறதே என்று அதன்மேல் வேறு எதையும் எழுதிவிடாதீர்கள், படம் உள்ளே பத்திரமாக இருக்கிறது. அந்த ரெக்கார்டர் இன்னும் இருந்தால் அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுங்கள். இல்லையென்றால் ஐஎஸ்ஓபஸ்டர் போன்ற மென்பொருள் அப்படிப்பட்ட டிஸ்க்கையும் படிக்கும், அதை வைத்து எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்துக்கொள்ளலாம்.