பாதுகாப்பு பட்ஜெட்டைப் படிப்பது எப்படி?

பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட் தாக்கலானதும், பாதுகாப்புத் துறைக்கு இத்தனை லட்சம் கோடி என்ற ஒற்றைத் தொகை தலைப்புச் செய்தியாகிவிடுகிறது. 2025-26இல் அது 6.81 லட்சம் கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் மதிப்பீட்டைவிட ஏறத்தாழ 9.5 சதவீதம் அதிகம். அதை வைத்து மட்டுமே படைபலம் கூடிவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரப்படுவதாகும்.

முதலில் தொகையைப் பிரித்துப் பாருங்கள். மேற்சொன்ன ஆண்டில் சம்பளம், எரிபொருள், உதிரிபாகம், வெடிமருந்து உள்ளிட்ட வருவாய்ச் செலவுக்கு 3.12 லட்சம் கோடியும், ஓய்வூதியத்துக்கு 1.61 லட்சம் கோடியும் ஒதுக்கப்பட்டன. புதிய ஆயுதம், விமானம், கப்பல் போன்றவற்றை வாங்குவது உள்ளிட்ட மூலதனச் செலவுக்கு வந்தது 1.80 லட்சம் கோடி. எஞ்சியது அமைச்சகத்தின் குடிமைச் செலவு, அதாவது முப்படைகளுக்கு வெளியேயுள்ள பிரிவுகளுக்கானது. வருவாய்ச் செலவை வீண் என்று தள்ளிவிடவும் கூடாது, ஏனெனில் குண்டும் உதிரிபாகமும் இல்லாத விமானம் கொட்டகையில்தான் நிற்கும்.

அடுத்து மூலதனக் கணக்கிற்குள் செல்லுங்கள். கவனம் அதிகம் தேவைப்படும் இடம் இதுவே. அதில் ஆயுதக் கொள்முதலுக்கான பங்கு சுமார் 1.49 லட்சம் கோடி, அதிலும் முக்கால் பங்கு உள்நாட்டு நிறுவனங்களிடம் வாங்குவதற்கென ஒதுக்கப்பட்டது. ஆனால் இந்தப் பணம் முழுவதும் புதிய ஒப்பந்தங்களுக்குக் கிடைப்பதில்லை. 2025 ஏப்ரலில் கடற்படைக்காக 26 ரஃபேல் விமானங்களை வாங்கக் கையெழுத்தான, சுமார் 63,000 கோடி ரூபாய் மதிப்புள்ள ஒப்பந்தத்தைப் போன்றவற்றில், விலை பல ஆண்டுகளுக்குத் தவணைகளாகப் பிரிகிறது; ஆகவே ஒவ்வோர் ஆண்டின் மூலதனத்திலும் பழைய ஒப்பந்தங்களின் பாக்கித் தவணைகள் முன்வரிசையில் நிற்கின்றன.

ஒதுக்கியதெல்லாம் செலவாகிவிட்டது என்றும் கொள்ள வேண்டாம். பட்ஜெட் ஆவணத்தில் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று தனித்தனிப் பத்திகள் இருக்கும். 2024-25இல் மூலதனத்துக்கு முதலில் அறிவித்த 1.72 லட்சம் கோடி, திருத்திய மதிப்பீட்டில் 1.595 லட்சம் கோடியாகக் குறைந்தது. அறிவிப்பு நாளில் கைதட்டியவர்களுள் எத்தனை பேர் அடுத்த ஆண்டு இந்தப் பத்தியைப் புரட்டினார்கள் என்பது ஐயமே.

பிற நாடுகளுடன் ஒப்பிடும்போது வரையறையைக் கவனியுங்கள். ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம் 2024இல் சீனாவின் ராணுவச் செலவை 31,400 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. பெய்ஜிங் அறிவித்த தொகை இதைவிடப் பல ஆயிரம் கோடி டாலர் குறைவு. நேட்டோ நாடுகள் 2025 ஜூனில் தி ஹேக் நகரில் ஏற்ற, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் என்ற இலக்கிலும் நேரடி ராணுவச் செலவு 3.5 சதவீதமே, மீதி உட்கட்டமைப்பு, இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கானது. எனவே ஒப்பீட்டுக்கு ஒரே நிறுவனம் ஒரே ஆண்டுக்கு வெளியிட்ட அட்டவணையையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அறிவித்த தொகையையும் ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டையும் அருகருகே வைக்காதீர்கள்.