ஹாட் ராடுக்குப் பின் அச்சு மாற்றும்போது எங்கே பிசகுகிறது?

பின் அச்சு மாற்றுவது என்றால் நாலு போல்ட்டைக் கழற்றி, பழையதை இறக்கி, வேறொன்றை ஏற்றுகிற வேலை என்றுதான் முதல் தடவை எல்லோரும் நினைக்கிறார்கள். இன்றைய பிக்கப் வண்டியில் அது ஓரளவு சரி. 1932 ஃபோர்டில் கதையே வேறு. அந்த வண்டியின் பின் அச்சு சக்கரத்தைச் சுற்றுவதோடு நிற்காமல், யாரும் கவனிக்காத இன்னும் இரண்டு மூன்று வேலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றும்போது அந்த வேலைகளையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம். இந்த மாற்றத்தில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி அங்கேதான் தொடங்குகிறது.

ஹாட் ராட் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. பழைய ஃபோர்டு காரை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எடையைக் குறைத்து, பெரிய எஞ்சின் வைத்து ஓட்டும் அமெரிக்கப் பித்து இது. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1932-இல் வந்த ஃபோர்டு வி-8 எஞ்சினின் திறன் 65 குதிரைசக்தி. அதற்காகச் செய்த அச்சுக்கு பேன்ஜோ என்று பெயர். நடுக்கூடு அந்த வாத்தியத்தைப் போல வட்டமாக இருக்கும். 1955-க்குப் பிறகு வந்த செவ்ரலே வி-8 போன்ற எஞ்சின்களை அதே வண்டியில் ஏற்றினால் பேன்ஜோ எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் பலரும் 1957-இல் அறிமுகமான ஃபோர்டு 9 இன்ச் அச்சைத் தேடுகிறார்கள். அதுவும் இன்றைக்குப் பழம்பொருள்தான், ஆனால் உரமான பழம்பொருள்.

முதல் தவறு டார்க் (முறுக்குவிசை) குழாயில். 1948 வரையிலான ஃபோர்டு கார்களில், எஞ்சின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. கனமான ஒரு குழாய்க்குள் சுற்றும். அந்தக் குழாய் வெறும் உறை இல்லை. சக்கரம் தரையைத் தள்ளும்போது அச்சு வண்டியை முன்னே தள்ள வேண்டுமே, அந்தத் தள்ளு இந்தக் குழாய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போய்ச் சேர்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு மூக்கைத் தூக்கப் பார்க்கும். அதையும் இதே குழாய்தான் அடக்குகிறது. குறுக்கே ஒற்றையாகக் கிடக்கும் பட்டை ஸ்பிரிங் எடையை மட்டும்தான் தாங்கும். ஆட்டத்தை அடக்கும் வேலை அதற்குத் தெரியாது. குழாயை எடுத்துவிட்டு 9 இன்ச் அச்சை அதே ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால், அச்சைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை.

இது தெரிந்தவர்களும் அடுத்த படியில் சறுக்குகிறார்கள். பழைய அச்சின் இரு முனைகளிலிருந்தும் குழாயின் முன்பக்கத்துக்கு வரும் இரண்டு தாங்கு கம்பிகள் இருக்கும். குழாய் போனதும் அவற்றைப் பிரித்து, ஒன்றை இடது சட்டத்திலும் இன்னொன்றை வலது சட்டத்திலும் பூட்டிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது இரண்டு கம்பிகளும் அச்சுக் குழாயைத் துணி பிழிவதுபோல் பிழியும். கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு பிராக்கெட்டின் ஓரத்தில் கீறல் விழும். கம்பிகளின் முன்முனைகளை வண்டியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பூட்டினால் இந்தத் தொல்லை இல்லை. நாலு கம்பி அமைப்புக்குப் போனாலும் சரி, அதில் நான்கும் இணையாக இருந்தால் பக்கவாட்டில் பிடிக்கத் தனியாக ஒரு பேன்ஹார்ட் கம்பி கட்டாயம் வேண்டும்.

அடுத்தது அளவு. அச்சுக் குழாயின் நீளத்தை அளந்துகொண்டு வாங்கப் போகிறவர்கள் உண்டு. அந்த எண் எதற்கும் உதவாது. சக்கரம் போய் உட்காரும் முகத்திலிருந்து எதிர் முகம் வரைதான் அளக்க வேண்டும். டிரம்மின் கனமும் அதில் சேரும். சக்கரத்தின் உட்பக்க ஆழத்தையும் டயரின் அகலத்தையும் முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற அச்சைத் தேடுவதுதான் முறை. நம்மில் பலர் அச்சை வாங்கிவிட்டுச் சக்கரம் தேடுகிறோம். 9 இன்ச் அச்சில் இன்னொரு சூட்சுமம், பினியன் (புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து பூட்டும் சிறிய பல்சக்கரம்) நடுவில் இராது, சற்றுத் தள்ளியிருக்கும். பினியனை வண்டியின் நடுவில் நிறுத்தினால் ஒரு பக்க டயர் பாடியை உரசும், மறுபக்கம் வெளியே துருத்தும். சக்கரங்களைத்தான் நடுவாக்க வேண்டும். பினியன் சற்றுத் தள்ளி நிற்பதை, ஷாஃப்ட் முனையில் மடங்கிக் கொடுக்கும் கிராஸ் ஜாயின்ட் பார்த்துக்கொள்ளும்.

போல்ட் வட்டத்தையும், அதாவது சக்கர போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய ஃபோர்டு கார்களில் ஐந்து போல்ட், ஐந்தரை இன்ச் வட்டம். கார்களில் வந்த 9 இன்ச் அச்சில் பெரும்பாலும் நாலரை இன்ச். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இருந்தால் ஒரே ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

பழைய சாமான் கடையில் 8 இன்ச் அச்சை 9 இன்ச் என்று சொல்லி விற்பது நடக்கிறது. தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையில் ஒரு சாக்கெட் கொண்டுபோங்கள். நடுக்கூட்டைச் சுற்றியுள்ள எல்லா நட்டிலும் சாக்கெட் நேராக உட்கார்ந்தால் அது 8 இன்ச். கீழே இருக்கிற இரண்டு நட்டில் மட்டும் சாக்கெட் ஏறாமல் ஸ்பேனர்தான் போகிறது என்றால் 9 இன்ச். அச்சில் மாட்டிய தகரச் சீட்டு மிச்சமிருந்தால் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) அதிலேயே இருக்கும்: மூன்றுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் ‘எல்’ எழுத்து இருந்தால் 3.50 விகிதம், லாக்கிங் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது). சீட்டை நம்பி மட்டும் வாங்காதீர்கள், அறுபது வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ. சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு சுற்று சுற்றி, பினியன் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணினால் போதும்.

விகிதத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு எத்தனை மைல் என்பதை விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, டயரின் விட்டத்தால் (இன்ச்சில்) வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை எஞ்சின் சுற்று என்பது வரும். 28 இன்ச் டயர், 60 மைல் வேகம், கியர்பாக்ஸ் நேர் கியரில்: 3.50 என்றால் 2,520 சுற்று, 4.56 என்றால் ஏறக்குறைய 3,280. லாரி அச்சு மலிவாகக் கிடைத்தது என்று போட்டுவிட்டு, நெடுஞ்சாலையில் எஞ்சின் அலறுகிறதே என்று வருத்தப்படுவது இதனால்தான்.

சிலர் 9 இன்ச் பக்கம் போகாமல், நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு பேன்ஜோவையே தேடிப் போடுவார்கள். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். அவர்கள் கவனிக்க வேண்டியது, பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் எந்தப் பக்கம் என்பது. பேன்ஜோவில் பினியன் நட்டநடுவில் இருப்பதால் கிரவுனை இடம் வலம் மாற்றியும் பூட்டிவிடலாம், எல்லாம் அழகாகப் பொருந்தும். ஓட்டும்போதுதான் தெரியும்: மூன்று ரிவர்ஸ், ஒரே ஒரு முன் கியர். ஃபோர்டின் பழைய மாடல் டி கார் காலத்திலிருந்தே பட்டறைகளில் சொல்லிச் சிரிக்கும் விஷயம் இது. மூடுவதற்கு முன் பினியனை எஞ்சின் சுற்றும் திசையில் கையால் சுற்றிப் பார்த்தால் அவமானம் மிச்சம். அப்புறம் அதன் ஆக்சில் (அச்சுக் குழாய்க்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றும் தண்டு) முனை கூம்பாக இருக்கும். சக்கரம் பூட்டும் ஹப் அதன்மேல் இறுகி நிற்க வேண்டும். இடையில் செருகும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு இடத்தைக் காட்டத்தான், பிடிப்பது கூம்பு. அதில் எண்ணெய், துரு எதுவும் இருக்கக் கூடாது.

எந்த அச்சானாலும் பிராக்கெட் வெல்டிங் செய்யத்தான் வேண்டும். சூடான இரும்பு ஆறும்போது சுருங்கும். குழாயின் முன்பக்கத்தில் மட்டும் நீளமாக வெல்டு இழுத்தால் முனைகள் முன்னே வளைந்து, அச்சு வாழைக்காய் போல ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆக்சில் சீல் ஒழுகும், ஆக்சிலின் உள்முனையில் இருக்கும் பல்வரி (ஸ்ப்ளைன்) தேயும். கொஞ்சம் டாக் (சிறு புள்ளி வெல்டு) வைத்து, எதிர்ப்பக்கம் போய், ஆறவிட்டு, திரும்ப வர வேண்டும். முடிந்ததும் பேரிங் துளைகள் வழியாக நேர்க்கம்பி விட்டுச் சரிபார்க்கும் லேத் பட்டறைக்கு ஒருமுறை கொண்டுபோங்கள். நடுக்கூட்டையும் ஆக்சிலையும் கழற்றாமல் வெல்டு செய்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் புள்ளி விழும்.

பினியன் கோணத்தில் நான் பார்த்த தவறு ஒரு நண்பரின் கராஜில் நடந்தது. வண்டி ஸ்டாண்டில், எஞ்சின் இன்னும் ஏறவில்லை, டயர் காற்றில். அந்த நிலையில் பினியனை கியர்பாக்ஸ் முகத்துக்கு நேராகக் குறிபார்த்து பிராக்கெட்டை நிரந்தரமாக வெல்டு செய்துவிட்டார். கியர்பாக்ஸின் வால் 3 டிகிரி கீழே பார்த்தால் பினியன் மூக்கு 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும், இரண்டு கோடும் இணையாக. ஒன்றை ஒன்று உற்றுப் பார்க்கக் கூடாது. வண்டியின் முழு எடையும் டயரில் இருக்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். ஐம்பது மைலுக்கு மேல் அவர் வண்டி இருக்கையோடு சேர்ந்து நடுங்கியது. பிராக்கெட்டை அறுத்து மறுபடி வைத்தோம்.

பிரேக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபோர்டில் 1939-க்கு முன் ஹைட்ராலிக் கிடையாது, எல்லாம் கம்பியும் கேபிளும்தான். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் வண்டித் தளத்துக்கு அடியில் போனால் எண்ணெய் பின்வாங்காமல் இருக்க வால்வு வேண்டும்: டிரம்முக்கு 10 பி.எஸ்.ஐ. அழுத்தம், டிஸ்க்குக்கு 2. மாற்றிப் போட்டால் டிஸ்க் விடாமல் உரசும். ஹேண்ட் பிரேக் கேபிளை எல்லோரும் கடைசிக்குத் தள்ளி, கடைசியில் மறக்கிறார்கள்.

அதே நண்பர் வண்டியில் அப்புறம் இடது ஆக்சில் சீல் ஒழுகியது. மாற்றினார், மறுபடி ஒழுகியது. திரும்பவும் மாற்றினார். வளைவு இருக்குமோ என்று பயந்து எல்லாவற்றையும் அளந்தோம், நேராகத்தான் இருந்தது. கடைசியில் அச்சுக் குழாயின் மேலே, பட்டாணி அளவு மூச்சுத் துளையின் மூடியைத் திருகிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பெயிண்ட் உறைந்திருக்கிறது. சூட்டில் விரிந்த காற்றுக்கு வேறு வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. தின்னரில் ஊறவைத்து, குண்டூசியால் குத்தித் திறந்தார். மூன்றாவது சீல் அப்படியே இருக்கிறது.