கிளைப்பாதைச் சரக்கு ரயிலை மாதிரியில் ஓட்டும் முறை

1975-இல் திவாலாகி 1980-இல் மூடப்பட்ட ராக் ஐலண்ட் என்ற அமெரிக்க ரயில் நிறுவனத்தின் அயோவா மாநிலக் கிளைப்பாதை ஒன்றை மாதிரி ரயிலாக அமைப்பவர்கள் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். பராமரிப்பற்ற தண்டவாளத்தில் மணிக்குப் பத்து மைல் என்பதே அதிகம். ஓர் எஞ்சினும் நாலைந்து பெட்டிகளும் கடைசியில் கார்டு வண்டியும் போதும்.

தானியக் கிடங்கின் பக்கப்பாதை, போகும் திசைக்கு எதிராகப் பிரிந்தால், பாதை பிரியும் இடமான பாயிண்டைக் கடந்து நின்று, பெட்டியைப் பின்னால் தள்ளிவிடலாம். போகும் திசையிலேயே பிரிந்தால்தான் சங்கடம்: எஞ்சினைக் கழற்றி, இரு முனையிலும் முதன்மைப் பாதையோடு சேரும் அருகிலுள்ள லூப் பாதை வழியே சுற்றி வந்து, மறுமுனையில் பூட்டித் தள்ள வேண்டும். திரும்பும் பயணத்தில் அதே பக்கப்பாதை எளிதாகிவிடும் என்பதால், அவசரமில்லாத பெட்டியை அதுவரை ஒத்திவைப்பதே என் பரிந்துரை.

பெட்டித் தேர்வில் கவனம் தேவை. அடிப்பக்கம் திறந்து தானியத்தைக் கொட்டும் நூறு டன் ஹாப்பர் பெட்டிகளை மெல்லிய தண்டவாளம் தாங்காது என்பதால், மக்காச்சோளம் சிந்தாதபடி கதவின் உட்புறம் பலகை அடித்த பழைய நாற்பதடிப் பெட்டிகளையே வையுங்கள்.