பதின்பருவ நட்பு, கடும் நோய்: இந்தக் கதையைப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் படிக்கும் இரண்டு நண்பர்கள், அதில் ஒருத்திக்கு ரத்தப் புற்றுநோய். இந்தக் கதையை எடுப்பவர்கள் அதிகமாகச் சறுக்குவது ஒரே இடத்தில்தான். நண்பன் திருந்துவதற்கான காரணமாக மட்டும் அந்தப் பெண்ணை வைத்துவிடுகிறார்கள். அவன் ஒழுங்காகப் படிக்கிறான், அப்பாவோடு சமாதானமாகிறான், கடைசியில் மனம்விட்டு அழுகிறான். அவளோ தலையணையில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கென்று ஒரு ஆசையோ, பொறாமையோ, நோயோடு சம்பந்தமே இல்லாத ஒரு சண்டையோ கிடையாது. திரைக்கதையிலிருந்து நோயை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அவளைப் பற்றிச் சொல்ல நாலு விஷயமாவது மிஞ்சவில்லை என்றால், முதலில் அவளை எழுதுங்கள். நோய் அப்புறம் வரட்டும்.

அவளை ஞானியாக்குவதும் இதே தவறுதான். பதினாறு வயதுப் பெண் மரணத்தைப் பற்றித் தத்துவம் பேசுவதைவிட, தான் இல்லாமல் வகுப்பு சுற்றுலா போய்விட்டதே என்று பொருமுவதுதான் உண்மைக்குப் பக்கம். அம்மாவிடம் எரிந்து விழட்டும். பார்க்க வந்தவனை "போ, தூங்கணும்" என்று துரத்தட்டும். அப்படிப்பட்ட பெண்ணுக்காகத்தான் நமக்கு வலிக்கும்.

அடுத்தது உடம்பு. மூக்கில் ரத்தம், மயக்கம், அடுத்த காட்சியில் மொட்டைத் தலையோடு மெலிந்த அழகு முகம். இந்த வரிசையைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, மருத்துவப்படியும் பாதிதான் சரி. இளையவர்களுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா. அதன் முதல் மாத சிகிச்சையிலேயே ஸ்டீராய்டு உண்டு. முகம் உப்பும், அகோரப் பசி எடுக்கும், மனநிலை நொடிக்கு நொடி மாறும். நள்ளிரவில் சாப்பாடு கேட்டு, தட்டு வந்ததும் அதைப் பார்த்து அழும் ஒரு பெண்ணை யோசித்துப் பாருங்கள். கண்ணாடியில் தன் கன்னத்தை அழுத்திப் பார்க்கிறாள், நண்பன் போட்டோ எடுக்கப் போனால் கையால் மறைக்கிறாள். அவ்வளவு போதும், வசனமே வேண்டாம். முடியும் ஒரே நாளில் போவதில்லை. கீமோ (புற்றுநோய் செல்களை அழிக்கும் மருந்து சிகிச்சை) தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் சீப்பிலும் தலையணையிலும் கொத்துக் கொத்தாக வரும். பலருக்குப் புருவமும் இமைமுடியும்கூட உதிரும். மொட்டைத் தலைக்கு மேக்கப் போட்டுவிட்டு அடர்ந்த புருவத்தை அப்படியே விட்டால் கண்ணை உறுத்தும்.

சிகிச்சையின் நடைமுறையைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவது பெரிய இழப்பு, ஏனென்றால் நல்ல காட்சிகள் அங்கேதான் இருக்கின்றன. கீமோவால், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே அவசரமாக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சாதாரணச் சளி பிடித்தவரைக்கூட அருகில் விடமாட்டார்கள். நண்பன் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, மன்னிப்புக் கேட்க ஓடி வருகிறான். வார்டு வாசலில் நர்ஸ் முன்னால் ஒரு தும்மல். திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு வில்லனே தேவையில்லை.

மொத்த சிகிச்சை இரண்டு முதல் மூன்று வருடம் ஓடும். அதில் நீண்ட பகுதி, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, உடம்பு ஒத்துழைத்தால் பள்ளிக்கும் போய்வரும் காலம். படங்கள் இதைத் தொடுவதே இல்லை. எல்லாரும் 'குணமாகிவிட்டாள்' என்று நினைத்துக்கொள்ள, மாடிப்படி ஏறவே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. நட்புக்கு உண்மையான சோதனை அப்போதுதான்.

நண்பனைத் தியாகியாக்காதீர்கள். என்ன பேசுவது என்று தெரியாமலேயே பல நண்பர்கள் விலகிப் போகிறார்கள். மெசேஜை டைப் செய்து, அழித்து, மறுபடி டைப் செய்து, கடைசியில் அனுப்பாமலே விட்டுவிடும் பையனை எல்லாருக்கும் புரியும். பெற்றோரை அழுவதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம். வீட்டில் தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒரு காட்சி கொடுங்கள். சோக இசையைப் பாதியாகக் குறையுங்கள்.

முடிவு. அவள் செத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டி வாழ்கிறார்கள். பதின்பருவத்தினருக்கு அந்த விகிதம் சற்றுக் குறைவு, ஆனாலும் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். மரணம்தான் கதைக்கு வேண்டும் என்றால், நோய் திரும்பி வருவதையும் அதன் பிறகு எடுக்கும் முடிவுகளையும் நேர்மையாகக் காட்டுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் திடீரென்று கொல்லாதீர்கள். பிழைக்கிறாள் என்றாலும் கதை சுபமாக முடிந்துவிடுவதில்லை. ஒரு வருடம் பிந்தி, தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார்ந்து படிக்கிறாள். நண்பன் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டான், அவனுக்குப் புது நண்பர்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கத்தான் அதிக ஆசை.

எழுதி முடித்ததும், படப்பிடிப்புக்கு முன்பே, அந்த வயதில் இந்த சிகிச்சையைக் கடந்து வந்த ஒருவரிடமும் புற்றுநோய் வார்டு நர்ஸ் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணமும் கொடுங்கள்.