தொற்றுக் காலத்தில் பதற்றத்தைக் குறைப்பது எப்படி?

முதலில் செய்தியைக் குறையுங்கள். கொரோனா அலைகளின்போது தமிழக சுகாதாரத் துறை தொற்று எண்ணிக்கையை மாலையில்தான் வெளியிட்டது, அதை ஒரு தடவை பார்த்தாலே போதுமாக இருந்தது. நடுவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த ஆடியோக்களைக் கேட்டு நெஞ்சு படபடத்ததுதான் மிச்சம். அடுத்த தொற்று வந்தாலும் இதே கதைதான், அதனால் ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள், படுக்கப் போகும் முன் மட்டும் வேண்டாம்.

படபடப்பு வந்தால் 4 எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். 5 நிமிடம் செய்யலாம். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் தூக்கம். வீட்டிலேயே அடைந்து கிடந்தால் பகலும் இரவும் குழம்பிவிடும். எழும் நேரத்தை மாற்றாதீர்கள், காலை வெயிலில் மொட்டைமாடியில் அரை மணி நடங்கள், மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம் (நம் ஊரில் இதுதான் கஷ்டம்).

தினமும் ஒருவருக்காவது போன் செய்து நோயைத் தவிர வேறு எதையாவது பேசுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமும் பசியும் சரியில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416-க்கு அழையுங்கள்; அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.