கற்பித்தல் கொள்கை நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது

மழலையர் பள்ளி ஆசிரியர் வேலைக்கான நேர்காணலில் 'உங்கள் கற்பித்தல் கொள்கை என்ன?' என்று கேட்டால், பலரும் கல்வியாளர் மாண்டிசோரி பெயரைச் சொல்லிச் சமாளிப்போம். 1907-இல் ரோமில் பள்ளி தொடங்கிய அவரே, குழந்தைகளைக் கவனித்துக் கவனித்துத்தான் தன் முறையை உருவாக்கினார்.

நீங்களும் இரண்டு வாரம், தினமும் வகுப்பில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். "ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டான். நான் குனிந்து சரிசெய்தேன். அழுதான்." அப்புறம் பக்கத்திலேயே: ஏன் அப்படிச் செய்தேன்? நேரமாகிவிட்டதா, அவனால் முடியாதென்று நினைத்தேனா? (பொய் வேண்டாம், யாரும் படிக்கப்போவதில்லை.)

திரும்பத் திரும்ப வரும் பதிலை வைத்து மூன்று வரி எழுதுங்கள்; அதுதான் உங்கள் கொள்கை. 'முழுமையான வளர்ச்சி' மாதிரி சொல் வந்தால் அடித்துவிடுங்கள். 'ஷூ போட ஐந்து நிமிடம் காத்திருப்பேன்' என்றிருந்தால் சரி.